வேதமாணிக்கம்: நடந்து போய் நம்பிக்கையைக் கொண்டுவந்தவர்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடசென்னையின் தெருக்களில் ஞாயிறு காலை நடந்தால் சிறிதும் பெரிதுமாக எத்தனையோ ஆலயங்களில் பாட்டுச் சத்தம் கேட்கும். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், தொழிற்சாலைகளில் ஒப்பந்தக் கூலியாக இருப்பவர்கள், நகரைச் சுத்தம் செய்பவர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளம் வந்தது. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்தது. அதே மாதக் கடைசியில் அமோனியா கசிந்து நள்ளிரவில் மக்கள் ஓடினார்கள். இப்படிப்பட்ட நாட்களில் பலருக்கும் ஆறுதல் தந்த இடங்களில் ஆலயமும் ஒன்று.

ஆனால் தலித் மக்கள் கிறிஸ்தவர்களானது பற்றிப் பேச்சு வந்தால், வெள்ளைக்காரன் வந்தான், கொடுத்தான், இவர்கள் வாங்கிக்கொண்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரி எவ்வளவு தவறானது என்பதை மயிலாடி வேதமாணிக்கத்தின் வாழ்க்கை சொல்லும்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் மயிலாடி அன்று திருவிதாங்கூர் மன்னராட்சிக்குள் இருந்தது. வேதமாணிக்கம் அங்கே சாம்பவர் சமூகத்தில் பிறந்தவர். இயற்பெயர் மகாராசன். அக்காலத் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பொதுவழியில் நடக்க உரிமை இல்லை. தலைவரி உண்டு. கூலியில்லாமல் அரசுக்கும் கோயிலுக்கும் உழைக்கும் ஊழியம் உண்டு. மனிதரையே நிலத்தோடு சேர்த்து விற்கும் அடிமைமுறையும் இருந்தது. அது 1855-இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

மகாராசன் இளமையில் சிவபக்தர். 1799-ஆம் ஆண்டளவில் உறவினர் ஒருவரோடு சிதம்பரத்துக்கு யாத்திரை புறப்பட்டார். மயிலாடியிலிருந்து சிதம்பரம் 400 கிலோமீட்டருக்கும் மேல். நந்தனார் ஏங்கி நின்ற அதே வாசலில் அவரும் வெளியேதான் நிற்க முடிந்தது. அங்கே மனம் உடைந்தவர் ஒரு கனவு கண்டார் என்றும், அதன் பிறகு ஊர் திரும்பும் வழியில் தஞ்சைப் பக்கத்து உறவினர்களைப் பார்க்கச் சென்றார் என்றும் திருச்சபை வரலாறுகள் கூறுகின்றன. அந்த உறவினர்கள் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். அவர்களோடு தஞ்சை ஆலயத்துக்குள் போய், மிஷனரி கோலாப் பிரசங்கம் செய்வதைக் கேட்டார். சிதம்பரத்தில் வெளியே நின்றவருக்கு இங்கே உள்ளே இடம் கிடைத்தது. அங்கேயே ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார்.

அவர் தஞ்சையிலேயே தங்கியிருக்கலாம். ஆனால் புத்தகங்களைச் சுமந்துகொண்டு மயிலாடிக்குத் திரும்பினார். வீட்டாருக்கும் உறவினருக்கும் வாசித்துச் சொன்னார். வெள்ளைக்கார மிஷனரி ஒருவரும் கால் வைக்காத ஊரில் ஒரு சிறு சபை உருவானது. உடனே தொல்லையும் தொடங்கியது. ஆதிக்கச் சாதியாரும் அதிகாரிகளும் நெருக்க, ஊரைவிட்டே வெளியேறிவிடலாமா என்ற யோசனைகூட எழுந்தது. வேதமாணிக்கம் மீண்டும் தஞ்சைப் பக்கம் நடந்தார். எங்கள் ஊருக்கு ஓர் ஆசிரியரை அனுப்புங்கள் என்று கேட்கவே இந்த முறை போனார்.

அவருடைய அழைப்புக்குச் செவிசாய்த்தவர் லண்டன் மிஷனைச் சேர்ந்த, பிரஷிய நாட்டவரான ரிங்கல்தௌபே. 1806-இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அவர் மயிலாடிக்கு வந்தார். ஆலயம் கட்ட அரசு எளிதில் இடம் தரவில்லை. ஆங்கிலேய ரெசிடெண்ட் மெக்காலேயின் தலையீட்டுக்குப் பிறகு 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. தெற்குத் திருவிதாங்கூரின் முதல் புராட்டஸ்டண்ட் ஆலயம் அதுதான். கூடவே பள்ளியும் வந்தது. ஏடு தொடக் கூடாது என்று தள்ளப்பட்ட பிள்ளைகள் எழுத்துக் கற்றார்கள். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் தொடக்கத்தை அந்த 1809-இல் இருந்தே கணக்கிடுகிறது.

1816-இல் ரிங்கல்தௌபே உடல்நலம் கெட்டு ஊரை விட்டுப் புறப்பட்டார். அதன் பிறகு அவர் முடிவு என்ன ஆனது என்பதே உலகுக்குத் தெரியவில்லை. போகும்முன் சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். அடுத்த மிஷனரி சார்லஸ் மீட் 1818-இல் மயிலாடிக்கு வரும்வரை அந்தப் பொறுப்பைச் சுமந்தவர் ஒரு தலித். கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர் சபைகளுக்கே தலைமை ஏற்றார். சபை சிதறவில்லை. 1827-இல் அவர் மறைந்தார்.

இந்த வாழ்க்கையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம்பிக்கை அவருக்குத் துன்பத்தை மறக்க வைக்கும் மருந்தாக இருக்கவில்லை. அது அவரை நடக்க வைத்தது, கேட்க வைத்தது, பள்ளி திறக்க வைத்தது. ராயபுரத்தில் படகோட்டிச் சமூகத்தார் தங்கள் உழைப்பில் எழுப்பிய புனித பேதுரு ஆலயமும் இதையேதான் சொல்கிறது. உழைக்கும் மக்கள் தங்கள் ஆலயத்தைத் தாங்களே கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் சாதி ஆலயத்துக்குள்ளும் நுழைந்தது. தனி இருக்கை, தனிக் கல்லறை என்று அது இன்னும் சில ஊர்களில் நீடிக்கிறது. வெளியே அரசும் கைவிட்டது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். அதே தெரு, அதே வேலை, அதே இழிசொல். சான்றிதழ் மட்டும் வேறு.

வேதமாணிக்கம் வாசலில் நின்றது இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு. அவர் வழியில் வந்தவர்கள் சட்டத்தின் வாசலில் இன்னும் நிற்கிறார்கள். அவரைப் போலவே நாமும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.