காற்றிலே வந்த பகை

திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்து வாழும் நமக்குக் காற்றின் இயல்பைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. வாடையும் கச்சானும் மாறி வீசும் காலமறிந்து கலஞ் செலுத்திய மக்கள் நாம். அக்காற்றே கண்ணுக்குப் புலனாகாப் பகையையும் சுமந்து வருமென்பதை இத்தீவில் ஆராய்ந்து காட்டியவர் ஆங்கில அறிஞர் ஹரி மார்ஷல் வார்ட் ஆவர்.

1854இல் ஹெரிபோர்ட் நகரிற் பிறந்த வார்ட், ஹக்ஸ்லியிடம் பயின்று, கேம்பிரிட்ஜிலே முதல் வகுப்பிற் தேறினார். ஜெர்மனி சென்று சாக்ஸ் என்னும் தாவரவியற் பேராசிரியரிடமுங் கற்றார். 1880இல், தம் இருபத்தாறாம் வயதில், அரசினரால் நியமிக்கப்பெற்று இலங்கை வந்தார்.

அக்காலத்தில் நம் மலைநாடு கோப்பி நாடாயிருந்தது. 1870ஐ ஒட்டி ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 10 கோடி இறாத்தல் கோப்பி கப்பலேறியது. அவ்வளத்தை உழைத்துத் தந்தவர், தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் காடுகளூடே நடந்து, வழியிற் பலரைப் பறிகொடுத்து மலையேறிய தமிழ்த் தொழிலாளரே. 1869இல் கோப்பியிலையின் அடிப்புறத்தே செம்மஞ்சள் துகள் தோன்றிற்று. இலைகள் உதிர்ந்தன, விளைவு குன்றிற்று. மண் சோர்ந்ததென்றனர் சிலர். பருவம் பிழைத்ததென்றனர் வேறு சிலர்.

வார்ட் துகளை நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கினார். அவை ஒரு பங்கசின் வித்திகள். நீர்த்துளியில் முளைத்து, இலைவாய் வழியே உட்புகுந்து, இலையின் உயிர்ச்சத்தை உறிஞ்சி, மீண்டும் வித்திகளைப் பொழிவதை அவர் படிப்படியாகக் கண்டார். பசைநீர் பூசிய கண்ணாடித் தகடுகளிற் காற்றோடு வந்த வித்திகளைப் பிடித்துக் காட்டினார். இடையீடின்றி ஒரே பயிரை மலைமலையாக நட்டதே பகைக்கு விருந்தாயிற்று என்றும் விளக்கினார்.

தோட்டத்துரைமார் வேண்டியது மருந்து. வார்ட் தந்தது உண்மை. 1882இல் அவர் தாயகம் மீண்டார். 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. கோப்பி அழிந்த நிலத்தில் தேயிலை எழுந்தது. பிழைப்பிழந்த தொழிலாளர் பலர் வந்த வழியே திரும்பினர்.

1895இற் கேம்பிரிட்ஜ்ப் பேராசிரியரான வார்ட், புல்லினங்களைப் பற்றும் துருநோயை ஆராய்ந்தார். ஒரு புல்லைப் பற்றும் துரு அதன் உறவினமான மற்றொன்றைப் பற்றாமை ஏன்? இலையின் புறவமைப்பு அதற்குக் காரணமன்று. உயிரணுவின் உள்ளியல்பே காரணம் என்று தெளிந்தார். அவரிடம் பணியாற்றிய பிவன், கோதுமையின் துருவெதிர்ப்பு மெண்டலின் விதிப்படி வழிவழி வருவதென 1905இல் நிறுவினார். மறுவாண்டிலே, 52ஆம் வயதில், வார்ட் மறைந்தார்.

பங்கசுகளின் பிறப்புரிமையியல் பின்னர்ப் பெருந்துறையாய் வளர்ந்தது. கோப்பித் துருவில் ஐம்பதுக்கு மேற்பட்ட குலவகைகள் அறியப்பட்டுள்ளன. அதன் பரம்பரைத் தொகுதி, பங்கசுகளுள் மிகப் பெரியனவற்றுள் ஒன்று. 1970இற் பிரேசிலையும் அத்துரு எட்டியது. எதிர்த்து நிற்கவென உருவாக்கிய கோப்பிவகைகளையும் புதிய குலவகைகள் வென்றுள்ளன. வார்ட் பேராதனையிற் கண்ட இரண்டாம் வகை வித்தி எச்செடியிற் சென்று பற்றுமென்பது இன்றும் அறிஞரின் தேட்டத்துக்கு எட்டவில்லை.

இரண்டாண்டு உழைப்பால் ஒரு தோட்டத்தையும் அவர் காக்கவில்லை. எனினும், நம் வயலில் ஒரு நெல்லிலை புள்ளி கண்டால், மண்ணையும் ஊழையும் நோவாது அவ்விலையைத் திருப்பிப் பார்க்கும் அறிவு, அவர் போன்றார் தேடி வைத்த செல்வமாகும். நம் மாணவர் அதனைக் கைக்கொள்வாராக.