மருத்துவர் மேரி வர்கீசும் தசை விறைப்பின் அளவீடும்

தண்டுவடக் காயமுற்ற உங்கள் குடும்பத்தினரின் கால்கள் தாமாகவே விறைத்துக்கொள்வதை நீங்கள் கண்டிருக்கலாம். கிருஷ்ணகிரி, ஓசூர் பகுதியினர் இத்தகைய சிகிச்சைக்கு அறிந்து வைத்திருக்கும் ஊர்களுள் ஒன்று வேலூர். அங்கு மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்த மேரி வர்கீஸ், முடக்கத்தை மருத்துவராக மட்டுமன்றி நோயாளியாகவும் அறிந்தவர்.

1925-இல் கொச்சியில் பிறந்த அவர், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றார். 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் முகத்தில் காயமுற்றதோடு, உடலின் கீழ்ப்பகுதியும் செயலிழந்தது. நடக்க இயலாவிடினும் கைகள் இருந்தன. அறுவை மருத்துவர் பால் பிராண்டின் ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, அத்துறைக்குத் தலைமையேற்றார். நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் 1966-இல் வேலூர் பாகாயத்தில் தொடங்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1986-இல் மறைந்தார்.

அவர் பணியாற்றிய காலத்திலேயே, 1964-இல், ஆஷ்வொர்த் என்னும் மருத்துவர் தசை விறைப்பை அளக்கும் எளிய முறையொன்றை வெளியிட்டார். 1987-இல் திருத்தப்பட்ட அதன் வடிவமே இன்று பரவலாகப் பயன்படுகிறது. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. நோயாளி தளர்ந்து படுத்திருக்க, இயன்முறை மருத்துவர் மூட்டினை ஏறத்தாழ ஒரு விநாடியில் மடக்கியோ நீட்டியோ, தசை காட்டும் எதிர்ப்பைத் தம் கையால் உணர்கிறார். 0 எனில் விறைப்பு மிகவில்லை. 4 எனில் மூட்டு அசையாது இறுகியுள்ளது. (பள்ளி மதிப்பெண்ணைப் போல் எண்ணிவிட வேண்டாம், இங்கு எண் குறைவதே நன்று.)

ஆயினும் விறைப்பு முழுவதும் தீங்கன்று. சிலர் விறைத்த காலின் துணையால்தான் எழுந்து நிற்கின்றனர். அதனை முற்றிலும் தளர்த்தினால் நிற்கும் ஆற்றலையே இழக்கக்கூடும். எனவே உறக்கம், குளியல், உடை மாற்றுதல், நாற்காலியில் அமர்தல் ஆகியவற்றுள் எதற்கு விறைப்பு இடையூறாகிறது என்பதை மருத்துவரிடம் கூறுங்கள். எண் மட்டும் அதனைக் காட்டாது. இயன்றவரை ஒரே நேரத்தில், ஒரே நிலையில் அளக்கச் செய்யுங்கள். குளிரும் மருந்து உண்ட நேரமும் அளவை மாற்றும்.

விறைப்பு திடீரென மிகுந்தால் காத்திராதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண் ஆகியவை உணர்விழந்த உடலில் வலியாகத் தெரியாமல், விறைப்பாகவே முதலில் வெளிப்படலாம். பேக்லோஃபென் மாத்திரையை நீங்களாகவே திடீரென நிறுத்துவது ஆபத்தானது.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இல்லத்திலேயே இயன்முறை சிகிச்சை அளிக்கப்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விவரம் கேளுங்கள்.