எண்களோடு வாழ்ந்த ஆசிரியர்

இன்றைய மைசூரு அரண்மனை கட்டி முடிக்கப்பட்ட ஆண்டு 1912. இவ்வெண்ணின் இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதினால் 9211. ஏறு வரிசையில் எழுதினால் 1129. பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்தால் 8082 கிடைக்கும். விடையை மீண்டும் அவ்வாறே மாற்றி, 8820-இலிருந்து 0288-ஐக் கழித்தால் 8532. அடுத்து, 8532-இலிருந்து 2358-ஐக் கழித்தால் 6174. அதன்பின் எத்தனை முறை கழித்தாலும் 6174 மாறுவதில்லை! நான்கு இலக்கங்களும் ஒன்றாக அமையாத எந்த நான்கிலக்க எண்ணும் ஏழு படிகளுக்குள் இவ்வெண்ணை வந்தடையும்.

இவ்வியப்பைக் கண்டறிந்தவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். சிற்றூர்ப் பள்ளி ஆசிரியரான தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கர்.

கப்ரேக்கர் மகாராட்டிர மாநிலத்தின் தகாணு என்னும் ஊரில் 1905-ஆம் ஆண்டு பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். எழுத்தராகப் பணியாற்றிய தந்தை சோதிடக் கணக்குகளில் ஈடுபாடு மிக்கவர். மகனுக்கும் எண்களின்மேல் ஆர்வத்தை ஊட்டினார். புனேயில் ஃபெர்குசன் கல்லூரியில் பயின்றபோது, சொந்த முயற்சியால் செய்த கணித ஆய்வுக்காக 1927-இல் ராங்லர் பராஞ்ச்பே கணிதப் பரிசை வென்றார்.

1930-இல் நாசிக் அருகிலுள்ள தேவ்லாலியில் பள்ளி ஆசிரியரானார். 1962-இல் ஓய்வு பெறும்வரை அவ்வூரிலேயே கற்பித்தார். பிற பள்ளிகள் அழைத்தபோதும் மகிழ்வுடன் சென்று, எண்களின் விந்தைகளை மாணவர்களுக்கு விளக்கினார்.

அவரிடம் முதுகலைப் பட்டம் இல்லை. அதனால் கற்றறிந்தோர் பலர் அவருடைய ஆய்வை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கினர். அவர் சோர்வடையவில்லை; தம் கண்டுபிடிப்புகளைச் சிறு நூல்களாகத் தாமே வெளியிட்டார். 6174-இன் இயல்பை 1949-இல் சென்னையில் நடைபெற்ற கணித மாநாட்டில் அறிவித்தார். ஓய்வுக்குப் பின் ஓய்வூதியம் போதாமையால், மாணவர்களுக்குத் தனியே பாடம் கற்பித்து வாழ்ந்தார். அப்போதும் ஆய்வை விடவில்லை.

1975-இல் மார்ட்டின் கார்ட்னர் என்னும் எழுத்தாளர் அமெரிக்க அறிவியல் இதழொன்றில் அவரைப் பற்றி எழுதினார். அதன்பின் உலகம் அவரை அறிந்தது. 1986-இல் கப்ரேக்கர் மறைந்தார். 6174 இன்று அவர் பெயராலேயே கப்ரேக்கர் மாறிலி என வழங்கப்படுகிறது.

மாணவர்களே, அவரது ஆய்வுக்கு ஒரு தாளும் எழுதுகோலும் கழித்தல் கணக்கும் போதுமாயின. நீங்கள் பிறந்த ஆண்டை எழுதிக் கழித்துப் பாருங்கள். எத்தனை படிகளில் 6174 வருகிறது?