செங்கல்லுக்கு நடுவே காற்று: லாரி பேக்கர் (1917–2007)

கோட்டாற்றிலோ நாகர்கோவிலிலோ படித்தவர்களில் திருவனந்தபுரத்துக்கு ஒரு தடவையாவது போகாதவர் யாரும் இருக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரி, விமானம், பி.எஸ்.சி. பரீட்சை என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். போன இடத்தில் தம்பானூரில் இறங்கி, பஸ் ஸ்டாண்டை ஒட்டி நிற்கும் அந்தச் சிவப்பு உருண்டைக் கட்டடத்தில் காபி குடித்தவர்களும் நம்மில் நிறைய. இந்தியன் காஃபி ஹவுஸ். உள்ளே போனால் மாடி என்று தனியாக ஒன்று கிடையாது. தரையே சுற்றிச் சுற்றி மேலே ஏறிக்கொண்டு போகும். மேஜை, பெஞ்சு எல்லாம் சுவரோடு சேர்த்துக் கட்டினவை. சுவரில் வரிசையாகச் சின்னச் சின்னத் துவாரங்கள், அதன் வழியாக வெளிச்சமும் காற்றும். வெளியே பஸ் ஸ்டாண்டின் இரைச்சலும் வெயிலும் இருக்க, உள்ளே ஒரு பதம். வடையைத் தின்றுவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். கட்டினவர் யார் என்று கேட்கிறோமா?

கட்டினவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் 1917 மார்ச் 2-ஆம் தேதி பிறந்தவர். அந்த ஊரிலேயே கட்டடக்கலை படித்து 1937-ல் தேறினார். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். போர் செய்யக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. அதனால் இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி பிடிக்காமல் மருத்துவப் படையில் சேர்ந்து சீனாவுக்குப் போனார். அங்கே தொழுநோயாளிகளைப் பராமரித்தார். உடம்பு கெட்டு ஊர் திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் சில மாதங்கள் காத்திருக்க வேண்டி வந்தது. அங்கேதான் காந்தியடிகளைச் சந்தித்தார்.

அந்தச் சந்திப்பில் ஒரு செருப்புக் கதை உண்டு. பேக்கர் காலில் போட்டிருந்தது சீனாவில் பழந்துணியை வைத்துக் கையால் தைத்த செருப்பு. காந்தியின் கண் அதன்மேல் விழுந்து, பேச்சு அங்கே தொடங்கிற்று. வேண்டாதது என்று தள்ளினதில் இருந்து வேண்டியதைச் செய்வது இரண்டு பேருக்குமே பிடித்த விஷயம். ஒரு வீட்டுக்குரிய சாமான்கள் அந்த வீட்டைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்க வேண்டும் என்ற காந்தியின் எண்ணம் பேக்கரை விடாமல் பிடித்துக்கொண்டது. உடனே அது புரிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பட்டம் வாங்கின கட்டடக்கலைஞருக்கு அது கொஞ்சம் கிறுக்குத்தனமாகத்தான் பட்டிருக்கும்.

புரிய வைத்தது இமயமலை. 1945-ல் தொழுநோய் மிஷன் வேலையாக இந்தியா திரும்பினார். 1948-ல் கேரளத்து டாக்டர் எலிசபெத் ஜேக்கப்பைத் திருமணம் செய்துகொண்டார். இருவரும் பித்தோராகட் மலைப்பக்கம் போய், மனைவி வைத்தியம் பார்க்க, கணவர் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கட்ட, சுமார் 15 ஆண்டுகள் அங்கேயே ஓடின. பர்மிங்காமில் படித்த பாடம் அங்கே செல்லவில்லை. சிமெண்ட் வராது, வந்தாலும் விலை கட்டாது. ஆனால் மலை ஜனங்கள் கல், மண், மரம் மூன்றையும் வைத்துக்கொண்டு குளிருக்கும் மழைக்கும் சரிவுக்கும் ஈடு கொடுக்கிற வீடுகளை நூற்றாண்டுகளாகக் கட்டி வாழ்ந்துகொண்டிருந்தார்கள். படித்தவர் படிக்காதவரிடம் போய்ப் பாடம் கேட்டார். என்னைக் கேட்டால், பேக்கரின் வாழ்க்கையில் எல்லா விருதுகளையும் விடப் பெரிய விஷயம் இதுதான்.

1963-ல் குடும்பம் கேரளத்தில் வாகமண் மலைக்கு வந்தது. பிறகு திருவனந்தபுரம். 50 வயதைத் தாண்டின பிறகுதான் நமக்குத் தெரிந்த லாரி பேக்கர் உருவானார் என்று சொல்லலாம். ரிட்டையர்மெண்டைப் பற்றி யோசிக்கிற பழைய மாணவர்கள் இதைக் கவனிக்கவும்.

நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தது. அவர்கள் வீடும் நம் வீடும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். தக்கலைப் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனையை ஸ்கூல் டூரில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். மந்திரசாலையில் மரச் சட்டங்களின் இடுக்கு வழியாக வெளிச்சம் மென்மையாக இறங்கும். வெளியே தகிக்கிற சித்திரை மாதத்திலும் உள்ளே தரை காலுக்குக் குளிர்ச்சி. அரண்மனை மட்டுமா? படிப்புரை, தார்சா, நடுவில் முற்றம், மேலே மச்சு, அதற்குமேல் ஓட்டுக்கூரை என்று நம் தாத்தாக்கள் இருந்த வீடு எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். முற்றத்துச் சூடு மேலே போக, படிப்புரை வழியாகக் காற்று உள்ளே வரும். ஓட்டுக்கும் மச்சுக்கும் நடுவில் நிற்கிற காற்றே வெயிலைத் தடுத்துக்கொள்ளும். பேக்கர் கேரளத்து வீடுகளில் பார்த்தது இதைத்தான். பார்த்ததைச் செங்கல்லில், ஏழை கட்டக்கூடிய விலையில் செய்ய முடியுமா என்பது அவர் கேள்வி.

அவருடைய வேலை பெரும்பாலும் வீட்டின் உட்புறத்தைப் பற்றியது. வெளியே யாராவது பார்த்து மெச்ச வேண்டும் என்ற கவலை அவருக்கு இல்லை. முதலில் ஜாலிச் சுவர். செங்கல்லை நெருக்கி அடுக்காமல் இடைவெளி விட்டு அடுக்குவது. மரத்தடியில் நின்றால் வெயில் இலைகளுக்கு நடுவே பொடிப்பொடியாக உதிருமே, அதே மாதிரி இந்தச் சுவர் வெயிலை உடைத்து உள்ளே விடும். கண் கூசாது, காற்று நிற்காது. ஜன்னல் என்றால் மரம், கம்பி, கண்ணாடி, கொண்டி, ஆசாரி கூலி என்று செலவு ஏறும். ஜாலிக்கு வேண்டியது செங்கல்லும் கொத்தனாரின் கைப்பக்குவமும்தான்.

அடுத்தது எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துவாட்டில் இரண்டு வரிசையாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு, ஆங்காங்கே குறுக்குச் செங்கல் கொடுத்துப் பிணைப்பது. சுவர் அதே ஒன்பது அங்குலம்தான், ஆனால் செங்கல் சுமார் கால் பங்கு மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெயிலின் சூட்டை அறைக்குள் எளிதில் விடாது. மூங்கிலைப் பாருங்கள், உள்ளே ஒன்றும் இல்லை, ஆனாலும் நிற்கிறது!

கூரைக்கும் அதே புத்திதான். கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. சும்மா இருக்கிற அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே இரண்டிரண்டு மங்களூர் ஓடுகளைக் கவிழ்த்து வைத்து, மேலே கான்கிரீட் போட்டார். கான்கிரீட் குறைந்தது, கனம் குறைந்தது, சூடு குறைந்தது. போதாததற்கு, கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஓட்டின் சிவப்பே அழகான கோலமாகத் தெரியும். ஃபால்ஸ் சீலிங்குக்குப் பணம் கொட்டுகிறவர்கள் இதை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொட்டலாம்.

வட்டமும் வளைவும் அவருக்கு வெறும் ஆசை இல்லை, கணக்கு. 1000 சதுர அடி அறையைச் சதுரமாகக் கட்டினால் சுமார் 126 அடி நீளம் சுவர் வேண்டும். வட்டமாகக் கட்டினால் 112 அடி போதும். வளைந்த சுவர் மெல்லியதாக இருந்தாலும் சாயாமல் நிற்கும். தூக்கணாங்குருவி சதுரமாகக் கூடு கட்டி யாராவது பார்த்ததுண்டா?

இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் உள்ளூரில் இருக்கிற வளர்ச்சி ஆய்வு மையத்துக்குப் போக வேண்டும். பொருளாதார அறிஞர் கே.என்.ராஜ் தொடங்கிய நிறுவனம் அது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் சி.அச்சுத மேனன். 1971-ல் சுமார் 10 ஏக்கர் மேட்டு நிலத்தில் வேலை தொடங்கிற்று. பூசாத செங்கல் சுவரும் ஓட்டை ஓட்டையான ஜாலியும் எத்தனை மழைக்குத் தாங்கும் என்று பொறியாளர்கள் பலர் சந்தேகப்பட்டார்கள். பேக்கர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை, கட்டினார். மரம் குறுக்கே நின்றால் மரத்தை வெட்டாமல் சுவரை வளைத்தார். குளம் வைத்து, அதன் பக்கத்தில் உயரமான ஜாலிச் சுவர் எழுப்பி, தண்ணீர்மேல் பட்டுக் குளிர்ந்த காற்று கட்டடத்துக்குள் இழுபடும்படி செய்தார். பின்னால் அங்கே கம்ப்யூட்டர் மையம் வேண்டியிருந்தபோது, வெளியே வளைவான ஜாலிச் சுவரும் உள்ளே இன்னொரு சுவருமாக இரட்டைச் சுவர் கட்டினார். வெயிலின் அடியை வெளிச் சுவர் வாங்கிக்கொள்ளும்.

பிற்காலத்தில் உலகம் இதற்கெல்லாம் பெயர் வைத்தது. ஜனைன் பென்யஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரின் 1997-ஆம் ஆண்டு நூலுக்குப் பிறகு பயோமிமிக்ரி, அதாவது இயற்கையைப் பார்த்துச் செய்தல், என்ற சொல் பரவிற்று. அதற்கு ஓராண்டு முன்பு ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மிக் பியர்ஸ் என்ற கட்டடக்கலைஞர் கரையான் புற்றின் காற்றோட்டத்தைப் பார்த்து ஈஸ்ட்கேட் என்ற பெரிய கட்டடத்தைக் கட்டினார். நம்மிடம் கரையான் புற்றுக்குப் பழமொழி இருக்கிறது, கட்டடம்தான் இல்லை. பேக்கர் இந்தப் பெயர்கள் எதுவும் வருவதற்கு முன்பே வேலையில் இறங்கிவிட்டவர்.

1970-களின் நடுவில் திருவனந்தபுரம் பூந்துறையில் மீனவர்களுக்கு வீடு கட்டினார். பட்டாளத்து லைன் வீடு மாதிரி வரிசை போடாமல் ஒன்றையொன்று மறைக்காதபடி விலக்கி விலக்கி வைத்தார். எல்லா வீட்டுக்கும் கடற்காற்று உண்டு. வலை காயப்போடவும் மீன் உலர்த்தவும் பிள்ளைகள் விளையாடவும் முன்னால் இடம் உண்டு. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு குளச்சல், மணக்குடி என்று நம் கடற்கரையில் எத்தனையோ வீடுகள் எழும்பின. பூந்துறையை ஒரு நடை பார்த்துவிட்டு வந்து கட்டியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றாத நாள் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. ஜாலி வழியாகக் காற்று வந்தால் கொசுவும் வரும், சாய்ந்தடிக்கும் மழையில் சாரலும் வரும். பூசாத சுவருக்கு நல்ல செங்கல் வேண்டும், நிதானமான கொத்தனார் வேண்டும். கூலி அவசரத்தில் கட்டினால் கோணல் அப்படியே தெரியும். செங்கல் சுடவும் எரிபொருள் வேண்டும் என்பது பேக்கருக்குத் தெரியாததல்ல. அதனால்தான் சுடாத மண்ணில் வீடு கட்டுவது பற்றித் தனியாக ஒரு சிறு புத்தகமே, தன் கையாலேயே படம் போட்டு, எழுதினார். உபயோகித்த காகிதத்தின் பின்பக்கத்தில் பிளான் போடுவது அவர் வழக்கம். ஆபீசில் உட்கார்ந்து போட்ட பிளானைவிட, மனையில் கொத்தனாரோடு நின்று மாற்றிக்கொண்டே போவதுதான் அவருக்குப் பிடித்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் வருகிற காற்று முப்பந்தலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகளைச் சுற்ற வைக்கிறது. அந்தக் காற்று நம் புது வீடுகளுக்குள் நுழைய வழியில்லை. நாலு பக்கமும் அடைத்த கான்கிரீட் பெட்டி, வெயில் விழுகிற பக்கம் கண்ணாடி, உள்ளே ஏ.சி. அதே காற்றிலிருந்து வந்த கரண்டைக் காசு கொடுத்து வாங்கி அறையைக் குளிர வைக்கிறோம். இந்தப் பெட்டிகளுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் எங்கிருந்து வருகின்றன? மாவட்டத்து மலைகளை வெட்டித்தான். வெளிநாட்டில் சம்பாதித்து ஊரில் வீடு கட்டப் போகிற நண்பர்களும், சிவில் படித்துவிட்டு பிளான் போடப் போகிற தம்பி தங்கைகளும் கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் மனையில் நின்று ஆடி மாதத்தில் ஒரு நாளும் ஐப்பசியில் ஒரு நாளும் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தால் போதும். பேக்கர் செய்த முதல் வேலையும் அதுதான்.

1985-ல் அச்சுத மேனன், கே.என்.ராஜ் ஆகியோருடன் சேர்ந்து காஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பைத் தொடங்கினார். அதில் பயின்ற இளைஞர்கள் கேரளம் முழுக்க இந்த முறையில் வீடுகள் கட்டினார்கள். 1989-ல் இந்தியக் குடியுரிமை கிடைத்தது. 1990-ல் பத்மஸ்ரீ. திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் பாறைச் சரிவொன்றைச் சமன் செய்யாமல் அப்படியே விட்டு, அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் வீட்டைக் கட்டிக்கொண்டார். ஹாம்லெட் என்று பெயர். பழைய பாட்டில்களைச் சுவரில் பதித்தார். வெயில் படும்போது அறைக்குள் பச்சையும் பழுப்புமாக வெளிச்சம் விழும். 2007 ஏப்ரல் 1-ஆம் தேதி, 90-ஆம் வயதில் காலமானார். 2009-ல் அவர் பெயரில் விளப்பில்சாலையில் ஒரு பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. நாகர்கோவிலிலிருந்து காலையில் கிளம்பினால் வளர்ச்சி ஆய்வு மையத்தையும் வெளியே நின்றாவது பார்த்துவிட்டு, தம்பானூரில் ஒரு காபியும் குடித்துவிட்டு, இருட்டுவதற்குள் ஊர் வந்து சேரலாம்.