நுண்ணுலகம் கண்ட துணி வணிகர்

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது என்பதை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவற்றுள் குருதியணுக்களை முதன்முதலில் தெளிவாகக் கண்டு விளக்கி எழுதியவர் மருத்துவர் அல்லர். பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதித்தவரும் அல்லர். துணி அளந்து விற்ற வணிகர் அவர். அந்தோணி வான் லீவன்ஹூக் என்பது அன்னாரின் பெயர்.

ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் 1632ஆம் ஆண்டு, கூடை முடையும் தொழிலாளி ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். பதினாறாம் வயதில் ஆம்ஸ்டர்டாம் நகரத் துணிக்கடை ஒன்றில் தொழில் பழகினார். பின்னர் ஊர் திரும்பித் தாமே கடை வைத்தார். பெற்ற பிள்ளைகள் ஐவருள் மரியா என்னும் மகள் ஒருத்தியே பிழைத்து வளர்ந்தாள்.

நெசவின் இழைகளை ஆராயத் துணி வணிகர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்திருப்பது அக்கால வழக்கம். லீவன்ஹூக் அதனினும் வலிய வில்லைகளைத் தாமே செய்யத் தலைப்பட்டார். அவருடைய கருவியைக் கண்டால் இவ்வளவுதானா என்று நமக்குத் தோன்றும். உள்ளங்கையில் அடங்கும் இரு உலோகத் தகடுகள். இடையே குன்றிமணியினும் சிறிய ஒரே வில்லை. எதிரே ஓர் ஊசிமுனை. ஊசியில் பொருளைப் பொருத்தி, திருகாணியால் நகர்த்தி, கண்ணோடு ஒட்டினாற்போல் பிடித்துப் பார்க்க வேண்டும். எஞ்சியுள்ள கருவிகளுள் சிறந்தது ஏறத்தாழ 270 மடங்கு பெருக்கிக் காட்டுகிறது.

1674இல் தம் கையிலிருந்தே குருதி எடுத்துப் பார்த்தார். தெளிந்த நீரில் செந்நிற உருண்டைகள் மிதந்தன. நுண்மணல் ஒன்றினும் அவை 25,000 மடங்கு சிறியவை எனக் கணித்தார். அவை நடுவில் குழிந்த வட்டத் தட்டுகள் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று.

மிளகு ஏன் காரமாக இருக்கிறது? நாம் ரசத்திற்கு இடிக்கும் அதே மிளகுதான். காரணம் காண அதனை நீரில் பல நாள் ஊறவைத்தார். காரத்தின் காரணம் அகப்படவில்லை. நீரிலோ எண்ணிலடங்கா நுண்ணுயிர்கள் நீந்தின. 1676இல் இதனை இலண்டன் அரச கழகத்துக்கு எழுதினார். இலத்தீன் அறியாதவர், தாய்மொழியாகிய டச்சு மொழியிலேயே எழுதினார். கற்றோர் ஐயுற்றனர். அவர் சினம் கொள்ளாமல், ஊரிலுள்ள சமயக் குருமார் முதலியோரை அழைத்துப் பார்க்கச் செய்து, அவர்கள் கையொப்பமிட்ட சான்றுகளை அனுப்பினார். தக்கையில் கண்ட அறைகளுக்கு 1665இல் செல் எனப் பெயரிட்ட இராபர்ட் ஹூக், 1677இல் தாமும் மிளகை ஊறவைத்து அவையோருக்குக் காட்டினார். ஐயம் அகன்றது. 1680இல் துணி வணிகர் அக்கழகத்தின் உறுப்பினரானார்.

பெற்றோர்களும் அடுத்த செய்தியைக் கவனிக்க வேண்டுகிறோம். நாள்தோறும் உப்பால் பல் துலக்கியவர் லீவன்ஹூக். அவருடைய பல்லிடுக்கு அழுக்கிலும் 1683இல் நுண்ணுயிர்கள் நெளிந்தன. பல்லே துலக்காத முதியவர் ஒருவரின் வாயில் கண்டவையோ மிகப் பல.

அன்னாரிடம் ஒரு குறையும் உண்டு. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு அது உறுத்துகிறது. சிறந்த வில்லைகளைச் செய்யும் முறையை அவர் யாருக்கும் கற்பிக்கவில்லை. 1723இல், தொண்ணூறாம் வயதில் அவர் மறைந்தபோது அம்மறையும் உடன் சென்றது. அவர் விருப்பப்படி 26 வெள்ளிக் கருவிகள் இலண்டன் கழகத்துக்கு அனுப்பப்பட்டன. பின்னாளில் அவையும் காணாமற்போயின. எஞ்சிய சிறந்த கருவியை உடைக்காமலே நியூத்திரான் கதிர்களால் ஆராய்ந்த அறிஞர்கள் 2021இல் விடை கண்டனர். கண்ணாடி இழையை நெருப்பில் உருக்கித் திரட்டிய சிறு மணியே அவ்வில்லை. அம்முறையை முன்னரே வெளிப்படையாக எழுதி வைத்திருந்தவர், மிளகு நீரை மெய்ப்பித்த அதே இராபர்ட் ஹூக்.