திப்பு சுல்தான் நூலகமும் சித்தூர் கோட்டையும்: அட்டைக்குள் ஒளிந்திருக்கும் கதை

வேலூரில் இருந்து திருப்பதிக்கு பஸ் ஏறினால் வழியில் சித்தூர் வரும். டீ குடிச்சிட்டு கிளம்பிடுவோம். ஆனால், 'திப்பு சுல்தான் நூலகம்' என்று உலகமே பேசும் புத்தகங்களில் பெரும்பகுதி இந்த ஊரில் இருந்து போனவைதான்.

1751-இல் தேவனஹள்ளியில் பிறந்த திப்பு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ராக்கெட்டும், வெள்ளைக்காரனைக் கடிக்கும் மரப்புலியும். புத்தகங்கள் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. அரபு, பாரசீகம், தக்கினி மொழிகளில் கிட்டத்தட்ட 2,000 கையெழுத்துப் பிரதிகள் ஸ்ரீரங்கப்பட்டணம் அரண்மனையில் இருந்தன.

சரி, சித்தூர் எங்கே வருது?

1780-இல் திப்புவின் அப்பா ஹைதர் அலி, ஆற்காடு நவாப் முகமது அலியின் நாட்டுக்குள் படையோடு இறங்கினார். சித்தூர் கோட்டை விழுந்தது. அங்கே இருந்த பெரிய நூல் சேகரிப்பு நவாபின் சகோதரர் அப்துல் வஹாப் கானுடையது. திருப்பதிக்குப் பக்கத்தில் உள்ள சந்திரகிரி கோட்டையும் இவர் கையில்தான் இருந்தது. அதை வைத்தே திருப்பதிக்குக் காவலர் என்றும் சொல்லிக்கொண்டவர். சித்தூர் புத்தகங்கள் மொத்தமாக மைசூருக்குப் போயின.

1782 டிசம்பரில் ஹைதர் இறந்ததும் சித்தூர் அருகே நரசிங்கராயன்பேட்டை முகாமில்தான். மலபாரில் இருந்த திப்பு வந்து சேரும்வரை சாவுச் செய்தியை வெளியே விடவில்லை. ஆக, அரியணை, புத்தகங்கள் இரண்டுமே திப்புவுக்குச் சித்தூர் வழியாக வந்தவை.

இனிதான் பைண்டிங். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பல நூல்களுக்குப் புதிதாகத் தோல் அட்டை போட்டார்கள். அட்டை நடுவில் பதக்க வடிவ முத்திரை: அதில் இறைவன், நபிகள், அவர் குடும்பத்தாரின் பெயர்கள். நான்கு மூலையிலும் முதல் நான்கு கலீஃபாக்கள். மேலே திப்பு தன் அரசுக்கு வைத்த பெயர், அதாவது இறைவன் தந்த அரசு. சேகரிப்பாளர்கள் இன்றும் இதைப் பார்த்த உடனே திப்புவுடையது என்று சொல்லிவிடுவார்கள். என் பார்வையில் அது அழகு மட்டுமல்ல, பட்டா மாற்றம். முந்தைய சொந்தக்காரர் யார் என்று தெரிய, உள்ளே பழைய முத்திரை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

திப்பு தன் 37 கனவுகளைத் தன் கையாலேயே பாரசீகத்தில் எழுதிவைத்த குறிப்பேடும் உண்டு. இது மட்டும் சந்தேகமே இல்லாமல் அவருடையது.

1799 மே 4. கோட்டை வீழ்ந்தது, திப்பு சண்டையிலேயே இறந்தார். சித்தூரில் நடந்ததுதான் இப்போது இங்கேயும் நடந்தது. கிழக்கிந்திய கம்பெனி நூலகத்தை எடுத்துக்கொண்டது. கொல்கத்தா, லண்டன், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்று புத்தகங்கள் பிரிந்தன. கனவுக் குறிப்பேடு இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில்.

1809-இல் சார்லஸ் ஸ்டூவர்ட் இந்த நூலகத்துக்குப் பட்டியல் போட்டார். ஹைதரோ திப்புவோ காசு கொடுத்து வாங்கியவை மிகக் குறைவு, பெரும்பாலானவை சித்தூரில் கைப்பற்றியவை என்று அவரே அதில் பதிவு செய்திருக்கிறார். அப்துல் வஹாப் கானின் பெயரும் அங்கே இருக்கிறது. ஆனால் பட்டியலின் தலைப்பில் இருப்பது திப்புவின் பெயர்தான்.