ஊட்டியும் தடுத்தும் உயிர் காத்தவர்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய எமது கரையோர ஊர்களிலே கருவுற்ற தாய்மாருக்கு மருத்துவ மாது கொடுக்கும் குளிசைகளுள் ஒன்று போலிக்கமிலம். சிசுவின் மூளையும் முண்ணாணும் பழுதின்றி அமைவதற்கு அது வேண்டும். அதனை ஆய்வுகூடத்திலே ஆக்கித் தந்த குழுவை வழிநடத்தியவர் பெயரை எம்மவருள் அறிந்தோர் மிகச் சிலரே. எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது அவர் நாமம்.

அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்திலே 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆந் திகதி அவர் பிறந்தார். மெட்ரிக்குலேஷன் பரீட்சையில் இருமுறை தவறி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மூன்றாம் முறையே தேறினார். சகோதரர் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் அடுத்தடுத்துக் கொண்டு சென்றது. அவரும் அந்நோயாற் பீடிக்கப்பட்டு, ஆயுர்வேத சிகிச்சையால் உயிர் தப்பினார். சென்னை மருத்துவக் கல்லூரியிலே கதராடை அணிந்து சத்திரசிகிச்சைக் கூடம் புகுந்தமை ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாகத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிட்டியது.

1922இல் இளம் மனைவியை ஊரில் விட்டு அமெரிக்கா சென்றார். அவர் சென்றபின் பிறந்த மகனோ, தந்தை முகம் காணாமலே மழலைப் பருவத்தில் மாண்டான். பொஸ்டன் நகரிலே வைத்தியசாலையில் இரவுவேலை செய்துகொண்டு ஹாவார்டிலே பயின்றார். குருதியிலும் சிறுநீரிலும் பொசுபரசை அளக்கும் முறையொன்றை 1925இல் பிஸ்க் என்பாருடன் வெளியிட்டார். அதன் துணைகொண்டு தசையை ஆராய்ந்தபோது, 1927இல் பொசுபோகிரியேற்றினும், 1929இல் அடினோசின் மூபொசுபேற்றும் வெளிப்பட்டன. பின்னையதை ஜேர்மனியிலே லோமான் என்பவரும் அதே ஆண்டிற் கண்டார். கலங்கள் தம் தொழிலை இயற்றுவதற்குச் செலவிடும் நாணயம் அதுவே எனலாம். இத்தனை செய்தவருக்கு ஹாவார்ட் நிரந்தரப் பதவி அளிக்கவில்லை. என் மனம் இதனை ஏற்க மறுக்கின்றது.

1940இல் நியூயோர்க் மாநிலத்துப் பேர்ல் ரிவரிலுள்ள லெடர்லி ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். 1945இல் அவருடைய குழு போலிக்கமிலத்தைத் தொகுத்து ஆக்கியது. தம் சகோதரரைக் கொன்ற நோயோடு வரும் குருதிச்சோகைக்கு அது மருந்தாயிற்று. ஆயினும் அவர் வாழ்விலே நான் பெரிதாகக் கருதுவது இதற்கு அடுத்த படியை. கலம் பிரியும்போது பரம்பரையலகுகள் அடங்கிய டி.என்.ஏ.யைப் புதிதாக ஆக்கவேண்டும். அதற்குப் போலிக்கமிலம் தேவை. கட்டின்றிப் பெருகும் குருதிப் புற்றுநோய்க் கலங்களுக்கோ அது எரியும் நெருப்புக்கு வார்த்த நெய். எனவே போலிக்கமிலத்தைப் போலத் தோன்றி, அதன் தொழிலைத் தடுக்கும் பொருள்களை அவருடைய குழுவினர் ஆக்கினர். அவற்றுளொன்றான அமினோப்ரெறினைப் பொஸ்டன் வைத்தியர் சிட்னி பார்பர் கடும் நோயுற்ற 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேர் தேறினர். அந்நலம் சில மாதங்களே நின்றது. எனினும் அதுவரை மரணம் ஒன்றே முடிவாயிருந்த நோயிலே, 1948இல் வெளியான இச்செய்தி ஒரு கதவைத் திறந்தது. அவ்வினத்து மெதோத்திரெக்சேற்று இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் வழங்கப்படுகின்றது.

மண்ணில் வாழும் நுண்ணங்கியொன்றிலிருந்து டகர் கண்டெடுத்த ஓரியோமைசினும், யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசானும் அவர் தலைமையிலே வெளிவந்தவை. யானைக்கால் நோயை இலங்கை ஒழித்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தபோது, இவர் பெயரை யாரேனும் நினைத்தனரோ, அறியேன். மேடையேறிப் புகழ் பெறும் வேளைகளிலே உடனுழைத்தோரை முன்னே விட்டுத் தாம் ஒதுங்கியிருப்பது அவர் வழக்கம்.

தாயகம் திரும்பாமலே, 1948 ஓகஸ்டில், 53ஆம் வயதிலே உறக்கத்தில் அவர் உயிர் பிரிந்தது. ஐந்தாண்டின் பின் புதிதாக இனங்காணப்பட்ட பங்கசு ஒன்றுக்கு சுப்பாரோமைசெஸ் எனப் பெயரிட்டனர்.